ஞாயிற்றுக்கிழமை அறுந்த குதிநாண்: எங்கள் ஷட்டில் குரூப்பின் கதை

இது எங்கள் ஷட்டில் குரூப்பில் நடந்தது. 2024 பிப்ரவரியில் ஒருவனுக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற தசைநாண் அறுந்துபோனது. அவன் மறுபடி ராக்கெட்டோடு கோர்ட்டில் இறங்க 2025 ஜனவரி ஆயிற்று. இடையில் குரூப்பே கலைந்துபோகப் பார்த்தது. ஏன் நடந்தது, எங்கே கவனிக்காமல் விட்டோம், அப்புறம் எதையெல்லாம் மாற்றினோம் என்று கோவையாக எழுதி வைக்கணும் என்பது ரொம்ப நாள் நினைப்பு. பெங்களூரில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் தகரக் கூரை போட்ட ஒரு ஷட்டில் ஹால் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு அங்கே வந்து இறங்குகிறவர்களில் நாற்பதைத் தாண்டி, நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் நிறைய. முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குள் எல்லாரையும் ஊர்ப் பெயரில்தான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அடிபட்டவன் சேலம், அப்போது வயது 43. திருச்சி அவனோடு கல்லூரியில் படித்தவன், எங்களில் நல்ல ஸ்மாஷ் அவனுடையது. கேஜிஎஃப் அண்ணன் கோலார் தங்கவயலில் பிறந்தவர், இருபது வயதில் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோனவர், இப்போது இங்கேயே வீடு. அல்சூர் அக்காவுக்கு 54, பள்ளி நாட்களில் பூப்பந்து ஆடியவர், அணிக்கு ஐந்து பேர், மஞ்சள் கம்பளிப் பந்து, வெட்டவெளி மைதானம். நெட்டுக்குப் பக்கத்தில் அவர் கை போகிற வேகம் எங்களில் யாருக்கும் வராது. ஓசூர் தம்பிதான் கடைக்குட்டி. கோயம்புத்தூர்க் கணவன் மனைவி இரண்டு பேர். நான் தஞ்சாவூர். ஆக எட்டுப் பேர். சி.வி.ராமன் நகர்ப் பக்கம் ஒரு ஹாலில் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம், ஞாயிறு ஏழிலிருந்து ஒன்பது வரை இரண்டு மணி நேரம். 2022இல், கொரோனா அடங்கிய பிறகு ஆரம்பித்தோம்.

சேலம் நடுவில் பதினாலு மாதம் வரவில்லை. இரண்டாவது குழந்தை பிறந்தது, ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் மாதிரி ஒரு வேலை. 2024 ஜனவரி பொங்கல் முடிந்து திரும்பி வந்தான். வந்த முதல் வாரமே மூன்று நாளும் முழு ஆட்டம். ஒன்றுமே இல்லாமல் இருந்த உடம்பு ஒரே வாரத்தில் நாலு மணி நேரத்துக்குப் போனது. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு ஆட்டம் உட்காருகிறேன் என்று அவன் சொன்னபோது, "என்னடா, ரெண்டு புள்ளைக்கு அப்பா ஆனதும் கிழவனாயிட்டியா?" என்று கேட்டது நான். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். அந்த வாக்கியத்தை இந்த ஆய்வில் சேர்க்காமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

அந்த ஞாயிறு பிப்ரவரிக் குளிர் இன்னும் விடவில்லை. ஏழு மணிக்கு உள்ளே போனோம், இரண்டு பேர் கையைச் சுழற்றினார்கள், நேராக ஆட்டம். ஹால் பார்த்துக்கொள்கிற அண்ணன் கன்னடக்காரர், ஒவ்வொரு வாரமும் "சார், ஐது நிமிஷா வார்ம் அப் மாடி சார்" (அஞ்சு நிமிஷம் வார்ம் அப் பண்ணுங்க சார்) என்று சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம். மணிக்கணக்கில் காசு கட்டியிருக்கிறோம், அந்த நேரத்தை ஏன் குதித்துக் கழிக்கணும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

இன்னொன்று, இதைப் பின்னால்தான் யோசித்தோம். திருச்சி சென்னையிலிருந்து புது ஷட்டில் ட்யூப் வாங்கி வந்திருந்தான். இறகு ஷட்டிலுக்கு வேக எண் உண்டு, எண் கூடினால் வேகமாகப் போகும். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, காற்று மெலிசு, அதனால் அதே அடிக்கு ஷட்டில் கூடுதல் தூரம் போகும். இங்கே நாங்கள் 76தான் போடுவோம், அன்றைக்கு வந்தது 77. உயரமாகத் தூக்கி அடிக்கிற லிஃப்ட் எல்லாம் பின்கோட்டுக்கே போய் விழுந்துகொண்டிருந்தது, எல்லாரும் வழக்கத்தைவிடப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இழுபட்டிருந்த கயிற்றில் இதுவும் கொஞ்சம் சேர்ந்தது, அவ்வளவுதான்.

எட்டே முக்கால் இருக்கும். 17-17. திருச்சி சேலத்தின் பேக்ஹேண்ட் மூலைக்கு உயரமாக ஒன்று தூக்கினான். சேலம் பின்னால் போய், இடது காலை ஊன்றி, அடித்துவிட்டு முன்னால் வரத் தள்ளினான். ஒரு சத்தம். ஷூ தேய்கிற சத்தம் இல்லை, தடித்த ரப்பர் பேண்ட் அறுகிற மாதிரி, பக்கத்துக் கோர்ட்டில் ஆடியவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் விழவில்லை. அப்படியே நின்று பின்னால் திரும்பி, "யாருடா உதைச்சது?" என்று கேட்டான். அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

இந்த இடத்தில் எங்களுக்கு விவரம் தெரிந்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பினால் ஆளில்லை என்று ஒருவர் சொன்னால், வேறு எதையும் யோசிக்காமல் குதிநாண் அறுந்ததாக எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போகணும். நாம் குதிநரம்பு என்போம். அது நரம்பு இல்லை, கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கிற தசைநாண், உடம்பிலேயே தடிமனானது. பெரும்பாலும் குதிகாலுக்கு இரண்டிலிருந்து ஆறு சென்டிமீட்டர் மேலே, ரத்த ஓட்டம் குறைவான இடத்தில்தான் அறுகிறது. அறுந்தாலும் சிலருக்கு வலி அவ்வளவாக இருக்காது, தட்டுத் தடுமாறி நடக்கவும் முடியும். பாதத்தைக் கீழே அழுத்த வேறு சின்னச் சின்னத் தசைகளும் இருப்பதால் காலை ஆட்டிக் காட்டினால் ஆடும். ஏமாறுவது அங்கேதான்.

நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். ஐஸ் வைத்தோம், பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நன்றாக இருந்தது, சுளுக்கு என்று துணிக்கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் கேஜிஎஃப் அண்ணன் அவன் வீட்டுக்குப் போனார். "எங்க, அந்தக் கால்ல மட்டும் குதிகாலைத் தூக்கி நில்லுப்பா" என்றார். குதிகால் தரையிலிருந்து ஒரு நூல் எழும்பவில்லை. அண்ணன் அந்தச் சாயங்காலமே வேறொரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். அவர் குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்கால் சதையைப் பிடித்து அமுக்கினார். நல்ல காலில் அமுக்கியதும் பாதம் தானாகக் கீழே சாய்ந்தது. இடது காலில் பாதம் அசையவே இல்லை. பத்து வினாடி வேலை. ஸ்கேன் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டாக்டர் கேட்ட கேள்விகளில் இரண்டு இந்த ஆய்வுக்கு முக்கியம். காலையில் எழுந்ததும் முதல் பத்து அடி விறைப்பாக இருந்ததா? இருந்தது, ஜனவரிக் கடைசியிலிருந்தே. பல்லு விளக்கப் போகும்போது நொண்டுவேன், காபி குடிப்பதற்குள் சரியாகிவிடும் என்றான். அவன் மனைவிக்குத் தெரிந்திருந்தது, எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா என்பது இரண்டாவது. மூன்று வாரம் முன்னால் வயிறு சரியில்லை என்று மருந்துக் கடையில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருக்கிறான். சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இலேயே கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூடுதல். அந்த மாத்திரைதான் அறுத்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடையில் தானாகக் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு மறுவாரம் கோர்ட்டில் குதிக்கிற வழக்கம் நமக்கு இருக்கிறதே, அதற்காகவாவது இதை எழுதணும்.

காரணம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் அந்தக் கடைசி அடியைச் சுட்ட மாட்டேன். பதினாலு மாதம் நாற்காலி, பிறகு ஒரே வாரத்தில் நாலு மணி நேரம், அதுதான். மூச்சு சில வாரத்தில் திரும்பி வந்துவிடும், சதையும் சீக்கிரம் தேறும். தசைநாண் அப்படி இல்லை, அதற்கு மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காததால் உடம்பு தயார் என்று அவன் நினைத்தான், நாங்களும் நினைத்தோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு பெரியவர்களுக்கு வாரம் 150இலிருந்து 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75இலிருந்து 150 நிமிடம் கடுமையான உழைப்பு. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தருகிற பயிற்சி. நாங்கள் முதல் பாதியைப் படித்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். இரண்டாவது பாதியை எட்டுப் பேரில் ஒருவர்கூடச் செய்யவில்லை. உடம்பு நன்றாக இருக்கணும் என்று ஆடப் போனோம், ஆடுவதற்கே ஒரு உடம்பு வேண்டும் என்பது எங்கள் கணக்கில் இல்லை.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை வேண்டுமா, காலை அசையவிடாமல் பிடிக்கிற பூட் போட்டே ஆற்றலாமா என்பது இன்றைக்கும் டாக்டர்கள் பேசுகிற விஷயம். நார்வேயில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஒரு சோதனை 2022இல் வெளியானது. பன்னிரண்டு மாதம் கழித்துக் கால் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மறுபடி அறுந்தது அறுவை இல்லாதவர்களில் 6.2 சதவீதம், அறுவை செய்தவர்களில் 0.6 சதவீதம். சேலத்துக்கு ஒன்பது நாள் தாமதம், இரண்டு முனையும் விலகியிருந்தன, மறுபடி ஆடணும் என்ற ஆசையும் இருந்தது. மூன்றையும் பார்த்து டாக்டர் அறுவையே சொன்னார். அப்புறம் எட்டு வாரம் பூட், உள்ளே குதிகாலுக்கு அடியில் ஆப்பு மாதிரி துண்டுகள், கொஞ்ச நாளுக்கு ஒன்றாக உருவி எடுப்பார்கள், பாதம் மெதுவாகச் சமதளத்துக்கு வரும்.

இதற்குள் குரூப் பாதியாகிவிட்டது. மார்ச் மாதம் கோயம்புத்தூர்க்காரர்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள், வீட்டில் பயம். ஓசூர் தம்பிக்கு மராத்தஹள்ளிப் பக்கம் வேலை மாறியது. சேலம் இல்லை. மிச்சம் நாலு பேர். இரட்டையருக்கு நாலு பேர் வேண்டும், ஆக ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது. ஏப்ரலில் நாலு வாரம் தொடர்ந்து கோர்ட்டை ரத்து செய்தோம். என் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது. இந்த வயதில் நடந்தால் போதாதா, எதற்கு இந்த ஓட்டம் என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். திருச்சி கோபன்ஹேகனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இருபத்தைந்து வருடம் வரை பின்தொடர்ந்த ஆய்வை எடுத்துக்கொண்டு வந்தான், 2018இல் வந்தது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 வருடம், ஷட்டில் ஆடியவர்கள் 6.2 வருடம், மெல்லோட்டம் ஓடியவர்கள் 3.2 வருடம், ஜிம்முக்குப் போனவர்கள் 1.5 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். இதை வைத்து ஷட்டில் ஆயுளைக் கூட்டும் என்று அடித்துச் சொல்லக் கூடாது, டென்னிஸ் ஆடுகிறவர்கள் ஏற்கெனவே வசதியானவர்களாக, ஆரோக்கியமானவர்களாக இருக்கலாம். ஆனாலும் பட்டியலின் மேலே இருப்பவை இன்னொரு ஆள் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்கள், தனியாகச் செய்கிறவை கீழே. ஆய்வு செய்தவர்களும் அப்படி ஆட்களோடு சேர்ந்திருப்பதைத்தான் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். எனக்கு அது பட்டென்று பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அந்த ஏப்ரல் மாதம் எங்களுக்கு இல்லாமல் போனதே அதுதான்.

குரூப்பை மறுபடி நிமிர்த்தியது சேலம்தான். மே முதல் வாரம் பூட் கழற்றிய பிறகு, ஒரு கைத்தடியோடு ஹாலுக்கு வந்து நின்றான். "ஆட முடியாது, கணக்கு எழுதலாம்ல?" என்றான். யார் வருகிறார்கள், யார் காசு தரணும், எந்தக் கோர்ட், எல்லாம் அவன் கைக்குப் போனது. முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்குள் வருவேன் என்று சொல்லணும். சொல்லாதவருக்கு ஃபோன் வரும், நொண்டிக்கொண்டு வந்து சுவரோரம் உட்காருகிறவன் ஃபோன் பண்ணினால் யாருக்கும் வரமுடியாது என்று சொல்ல வாய் வராது. ஜூனில் ஆறு பேர், ஆகஸ்டில் கோயம்புத்தூர்க்காரர்களும் திரும்பினார்கள்.

அவனுக்கு ஃபிசியோ கொடுத்த பயிற்சியை வீட்டில் தனியாகச் செய்ய முடியவில்லை. ராத்திரி செய்யலாம் என்று நினைப்பான், குழந்தை அழும், தூங்கிவிடுவான். அதனால் ஹாலுக்கே வந்து, நாங்கள் ஆடும்போது வாசல் படியில் நின்று செய்தான். கொஞ்ச நாளில் அல்சூர் அக்கா போய்ப் பக்கத்தில் நின்றார். பிறகு நான். ஜூலைக்குள் எல்லாரும் ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் படியில் நின்றுகொண்டிருந்தோம். அங்கேதான் எனக்கு இந்த விஷயம் புரிந்தது. தனியாகச் செய்யணும் என்று விட்ட எதையும் நாங்கள் செய்ததில்லை, சேர்ந்து செய்ததைத் தவறவிட்டதும் இல்லை. ஆக உடம்புக்கான வேலையை வீட்டுக்கு அனுப்பாமல், காசு கட்டிய கோர்ட் நேரத்துக்குள்ளேயே கொண்டுவரணும். என்னுடைய கேலி அவனை உட்காரவிடாமல் எழுப்பியது. அதே கூட்டம்தான் அவனைப் படியில் நிற்கவும் வைத்தது.

இப்போது காலை ஆறிலிருந்து ஏழரை வரை புக் பண்ணுகிறோம். முதல் இருபது நிமிடம் ராக்கெட் பையிலிருந்து வெளியே வராது. மெதுவான ஓட்டம், பக்கவாட்டில் நகர்தல், ஒரு காலை முன்னால் எட்டி வைத்து முழங்காலை மடக்குகிற லஞ்ச், அப்புறம் படிக்கு. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் மேலே எழும்பி, ஒரே காலில் மெதுவாகக் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கணும். எழுவதைவிட இறங்குவதில்தான் வேலை இருக்கிறது. ஸ்வீடன் டாக்டர் ஒருவர் 1998இல் குதிநாண் வலிக்காக எழுதியது பதினைந்து முறை வீதம் மூன்று சுற்று, முழங்காலை நீட்டியும் மடக்கியும், தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம். கூட்டினால் ஒரு காலுக்கு ஒரு நாளைக்கு 180. அது வலி இருப்பவர்களுக்கு. நாங்கள் வாரம் மூன்று நாள், ஒரு வேளை, மூன்று சுற்று. அறுந்தவர்கள் இதை டாக்டரும் ஃபிசியோவும் சொல்லாமல் தொடக் கூடாது, படியிலிருந்து குதிகாலை இறக்குகிற இந்தப் பயிற்சியைச் சேலமே ஆறாவது மாதத்தில்தான் தொட்டான். ஆறு இருபதுக்கு வருகிறவரும் படியை முடித்துவிட்டுத்தான் உள்ளே வரணும். கன்னட அண்ணனுக்கு ரொம்பத் திருப்தி.

அந்த ஆறாவது மாதத்தில் ஒரு வியாழன் நினைவில் நிற்கிறது. இடது காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார் ஃபிசியோ. சேலம் சுவரில் இரண்டு விரலை மட்டும் வைத்திருந்தான். கெண்டைக்கால் நடுங்கியது, வலது காலோடு பார்த்தால் பாதிதான் இருந்தது. குதிகால் எழும்பியது, ஒரு அங்குலம் இருக்கலாம். "இறக்கு, மெதுவா, மெதுவா" என்றார் அக்கா. இறக்கினான். "இன்னொண்ணு போடுப்பா" என்றார். போட முடியவில்லை. ஒன்று போதும் என்று கேஜிஎஃப் அண்ணன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கோர்ட்டில் ஆட்டம் நின்று எல்லாரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்டோபரில் ஞாயிறு காலை கப்பன் பூங்காவில் நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி, ஞாயிறு அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால். டிசம்பரில் கோர்ட்டில் ஷட்டில் இல்லாமல் கால் நகர்வு மட்டும். அறுவை முடிந்து பத்து மாதத்துக்கு மேல் ஆன பிறகு, ஜனவரி மூன்றாவது வாரம், ஒரே ஒரு ஆட்டம், முன்கோர்ட்டில் மட்டும், பின்னால் போகிற ஷட்டிலை அக்கா பார்த்துக்கொண்டார்.

மற்ற மாற்றங்கள் சின்னச் சின்னவை. ரன்னிங் ஷூவோடு வந்தால் உட்கார வைப்போம், அதன் தடித்த அடி பக்கவாட்டில் சாய்ந்து கணுக்காலைப் புரட்டும், கோர்ட் ஷூ தாழ்வாக, ரப்பர் அடியோடு இருக்கணும். ஷட்டில் 76தான். மூன்று ஆட்டம் ஆடினவர் ஒரு ஆட்டம் கட்டாயம் உட்காரணும், அப்படி உட்காருகிறவரை யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. திங்கட்கிழமை ஒவ்வொருவரும் ஒரு வரி அனுப்பணும், காலையில் எழுந்ததும் எங்கேயாவது விறைப்பு இருந்ததா என்று. இதில்தான் கோயம்புத்தூர்க்காரரின் தோள் வலி மூன்றாவது நாளே தெரிந்தது, இரண்டு வாரம் ஸ்மாஷ் வேண்டாம் என்று நிறுத்தினோம். அதற்குப் பிறகு பெரிய அடி எதுவும் யாருக்கும் இல்லை. எட்டுப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்குத் தெரியும்.

சேலத்தின் இடது கெண்டைக்கால் இன்னும் வலதைவிட மெலிசுதான், அப்படியே இருந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒற்றைக் காலில் வலது 25 முறை எழும்புகிறது, இடது 17. அடுத்த மாதம் புதிதாக இரண்டு பேர் சேருகிறார்கள், ஒருவர் ஆறு வருடமாக ஒன்றும் ஆடாதவர். முதல் ஆறு வாரம் அவருக்கு வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. அவர் பெயருக்கு நேரே அதைச் சிவப்பில் எழுதி வைத்திருப்பது சேலம்.